டிஷ்வாஷர் நாத்தத்துக்கு ‘பம்ப் மாத்தணும்’னு சொன்னா நம்பாதீங்க – எனக்கு 6,400 போச்சு

கோபம் ஆறறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. டிஷ்வாஷர்ல கெட்ட வாடை வருதுன்னு ஆள் கூப்பிட்டேன். 6,400 வாங்கிட்டுப் போனாங்க. வாடை போகல. இன்னும் சொல்லப்போனா, வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் கூடிடுச்சு.

கம்பெனி பேரைப் போடல. போட்டா பதிவைத் தூக்க வைப்பாங்க, இல்லேன்னா வக்கீல் நோட்டீஸ்னு மிரட்டுவாங்க. வீட்டுச் சாமான் ரிப்பேருக்கு ஆள் அனுப்புற ஆப்னு மட்டும் புரிஞ்சுக்கோங்க. ‘சரிபார்க்கப்பட்ட நிபுணர்கள்’னு பெருசா போட்டுக்கிற ரகம். நாத்தம் போக நிஜமா என்ன செய்யணும்ங்கிறதைக் கடைசில விவரமா எழுதறேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

கதவைத் திறந்த உடனே அழுகல் வாடை மூஞ்சில அடிக்கும். பாத்திரம் என்னவோ பளிச்சுன்னுதான் வந்துச்சு. ஓட்டம் முடிஞ்சதும் தண்ணி வடிஞ்சுது. வித்தியாசமான சத்தம் கிடையாது, திரையில எந்த எர்ரரும் கிடையாது. நாத்தம் மட்டும்தான் பிரச்சனை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, இந்த மோசடியே இதுல தான் இருக்கு.

வந்தவர் நல்ல மனுஷன் மாதிரி தான் இருந்தார். மெஷின் முன்னாடி ஒரு பழைய துணியை விரிச்சுட்டுத் தான் பையையே கீழே வச்சார். “தரை அழுக்காயிடும் மேடம்”னார். அவசரமே படல. “முதல்ல பார்க்கறேன், ஒண்ணும் இல்லேன்னா விசிட் சார்ஜ் மட்டும் குடுங்க போதும்”னார். இப்படிப் பேசறவரை யாருக்குங்க சந்தேகம் வரும்? சந்தேகம் வரக்கூடாதுன்னு தான் அப்படிப் பேசறாங்கன்னு இப்ப புரியுது.

கீழ் அடுக்கை வெளிய இழுத்து வச்சார். அடியில இருக்கிற உருளை ஃபில்டரைத் திருகி எடுத்தார். கண்ணாடி போட்டுக்கிட்டு டார்ச் அடிச்சு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் என்னைக் கூப்பிட்டு அந்தக் குழிக்குள்ள வெளிச்சம் அடிச்சுக் காட்டினார். “பாருங்க மேடம், தண்ணி நிக்குது. பம்ப் இழுக்கல. இந்தத் தண்ணி தான் அழுகி நாறுது.” குனிஞ்சு பார்த்தேன். ஆமா, தண்ணி நின்னுது. டார்ச் வெளிச்சத்துல கலங்கலாத் தெரிஞ்சுது. ஒரு டிஷ்யூவை அதுல முக்கி எடுத்து என் கையிலயே குடுத்தார், மோந்து பாருங்கன்னு. குமட்டிக்கிட்டு வந்துது. அந்த இடத்துல நான் விழுந்தேன். கண்ணால பார்த்து, மூக்கால மோந்தும் பார்த்தாச்சு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இப்ப உண்மையைச் சொல்றேன் கேளுங்க. அந்தக் குழில கொஞ்சம் தண்ணி நிக்கிறது பழுதே இல்ல. பெரும்பாலான மெஷின்ல ஃபில்டருக்குக் கீழே கொஞ்சம் தண்ணி எப்பவும் தங்கும். உள்ளே இருக்கிற ரப்பர் சீல் காஞ்சு வெடிக்காம இருக்க அது வேணும். ஃபில்டருக்கு மேல, மெஷினோட தரை முழுக்கத் தண்ணி தேங்கி நின்னாத்தான் வடிகால் கோளாறு. நிபுணருக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். எனக்குத் தெரியாதுங்கிறதும் தெரியும்.

அடுத்தது பூஞ்சைக் கதை. கதவு ரப்பர் மடிப்புல விரலை விட்டுக் கருப்பா வழிச்சு எடுத்துக் காட்டி, “இது நுரையீரல்ல போனா உயிருக்கே ஆபத்து, வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா”ன்னு கேட்டார். பூஞ்சை இருக்கும்ங்கிறது பொய் இல்ல. 2011-ல வெளியான ஒரு ஆய்வுல பல நாடுகள்லேர்ந்து 189 டிஷ்வாஷர்களோட ரப்பர் சீலைத் துடைச்சுப் பார்த்திருக்காங்க, 62 சதவீதத்துல பூஞ்சை இருந்திருக்கு. சூடும் சோப்பும் தாங்குற எக்ஸோபியாலாங்கிற கருப்புப் பூஞ்சை தான் அதுல அதிகம். ஏற்கெனவே நுரையீரல் நோய் இருக்கிறவங்களுக்கு அது தொல்லை குடுக்கலாம். சரி, அவர் காட்டினது கதவு ரப்பர்ல இருந்த அழுக்கு தானே? அதுக்கு எதுக்கு பம்ப்? ஈரத்துணியால துடைச்சா போற விஷயம். மூக்கடைப்புக்கு மூக்கையே மாத்தணும்னு சொல்ற மாதிரி இருக்கு. அந்த நேரத்துல இதெல்லாம் தோணவிட்டாத்தானே.

அவர் வாயால சொன்ன கணக்கு இப்படி: பம்ப் 4,200, ‘டீப் கிளீன்’ 1,500, விசிட் 700. கூட்டினா 6,400. ஆப்லயே கட்டினேன். 30 நாள் உத்தரவாதம் உண்டுன்னு வாயால சொன்னார்.

பம்ப் மாத்தறப்ப சமையலறையில இடம் போதாதுன்னு என்னை வெளிய இருக்கச் சொன்னார். மெஷினை இழுக்கற சத்தம் கேட்டுது, தள்ளற சத்தம் கேட்டுது. பழைய பம்பைக் கேட்டேன். “கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும் மேடம், ரூல்ஸ்”னார். பம்பையே பார்க்கல, மூடின பை தான் தெரிஞ்சுது.

டீப் கிளீன்னு 1,500 வாங்கினாரே, அது என்னன்னு கேட்டா நீங்களே சிரிப்பீங்க. எந்தப் பெரிய கடையிலயும் கிடைக்கிற டிஷ்வாஷர் கிளீனர் பாட்டில் ஒண்ணு. பாட்டில் வாயில மெழுகு அடைப்பு இருக்கும். தலைகீழா மாட்டிட்டு, பாத்திரம் எதுவும் இல்லாம சூடா ஓட்டினா மெழுகு உருகி மருந்து இறங்கும். அதுக்கு 65 டிகிரியாவது வேணும்னு பாட்டில் மேலயே அச்சடிச்சிருக்கு. நம்ம நிபுணருக்கு அடுத்த வீட்டுக்குப் போற அவசரம். குயிக் வாஷ்ல போட்டுட்டார். அவர் போன பிறகு திறந்து பார்த்தா, மெழுகு ஓரமா இளகி நிக்குது, பாட்டில்ல முக்கால்வாசி மருந்து அப்படியே இருக்கு. அந்த பாட்டில் இன்னும் என்கிட்ட இருக்கு. போட்டோவும் இருக்கு.

கிளம்பறதுக்கு முன்னாடி, “அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க மேடம், எனக்கு வேலை நிக்கணும்”னு பக்கத்துலயே நின்னார். போட்டேன். அன்னிக்கு மருந்து வாசனை தானே வந்துது.

ஒரு வாரம் கூடத் தாங்கல. அதே வாடை. இந்த முறை கூடவே சாக்கடை வாடையும் சேர்ந்து வந்துது. ஆப்ல புகார் போட்டேன். “உங்கள் பொறுமைக்கு நன்றி, எங்கள் பிரதிநிதி தொடர்புகொள்வார்.” யாரும் தொடர்புகொள்ளல. மறுநாள் பார்த்தா புகார் ‘தீர்க்கப்பட்டது’ன்னு மூடியிருக்காங்க. என்னத்தைத் தீர்த்தாங்க? மறுபடி திறந்தேன். இந்தத் தடவை ஒரு பொண்ணு பேசினாங்க. “மேம், வாடைங்கிறது பழுது இல்ல, பயன்பாடு சம்பந்தப்பட்டது. உத்தரவாதத்துல வராது”ன்னாங்க. அடேங்கப்பா! வாடை பழுது இல்லேன்னா எந்தப் பழுதுக்கும்மா 6,400 வாங்கினீங்கன்னு கேட்டேன். மேலதிகாரிகிட்ட மாத்தறேன்னு பாட்டு போட்டு விட்டுட்டாங்க. பாட்டு ஓடிக்கிட்டே இருந்துது, கடைசில லைன் கட்டாயிடுச்சு.

அப்புறம் தான் பில்லை உத்துப் பார்த்தேன். பம்ப்ங்கிற வார்த்தையே அதுல இல்ல. ‘பொதுச் சேவை மற்றும் பொருட்கள்’னு ஒரே வரி, கீழே 6,400. பொருள் பேர் இல்ல, எண் இல்ல. இல்லாத பொருளுக்கு உத்தரவாதம் எங்கேர்ந்து வரும்?

அதே ஆப்ல இன்னொருத்தர் கிட்டே பேசினப்ப நடந்தது தான் உச்சம். “பிளீச் ஊத்தி, கூடவே வினிகரும் ஊத்தி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க”ன்னு ஆலோசனை சொன்னார். இதை யாரும் செஞ்சு தொலைக்காதீங்க. பிளீச்சும் வினிகரும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், மூச்சுக்குழலைப் பதம் பார்த்துடும். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருக்கிற மெஷினுக்கு பிளீச் மட்டும் தனியாக்கூட ஆகாது, அரிச்சிடும். இவங்க தான் சரிபார்க்கப்பட்ட நிபுணர்களாம்!

கடைசில தோழிக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் வந்தார். பிளக்கைப் பிடுங்கிட்டு, மெஷினுக்குக் கீழே இருக்கிற தகட்டைக் கழட்டி, என்னையும் தரையில உட்கார வச்சுக் காட்டினார். பம்ப் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல மெஷின் தயாரான அதே வருஷம். அதைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ தலையில தூசி படிஞ்சு கெட்டியாயிருக்கு. அந்த ஸ்க்ரூவை யாரும் தொடவே இல்ல. 4,200 எதுக்குப் போச்சுன்னு அங்க தெரிஞ்சுது. இதைப் படம் எடுத்து ஆப்புக்கு அனுப்பினேன். வந்த பதில்: “பழைய பம்ப் சர்வீஸ் செய்யப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டிருக்கலாம்.” இருக்கலாமாம்! அப்போ கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினது எதை?

நாத்தத்துக்கு நிஜக் காரணத்தையும் அந்த மெக்கானிக் தான் கண்டுபிடிச்சார். கருவியே எடுக்கல. சிங்க்கை அடைச்சுத் தண்ணி நிரப்பச் சொன்னார், சோப்பு கலந்து. அடைப்பை எடுத்துவிட்டு மெஷின் கதவைத் திறக்கச் சொன்னார். சிங்க்ல மட்டுமே கொட்டின சோப்பு நுரை, மெஷின் அடிக்குழில பொங்கி வந்து நின்னுது. மெஷினோட அழுக்குத் தண்ணி வெளிய போற குழாய், சிங்க்குக்கு அடியில உயரமா வளைஞ்சு ஏறி அப்புறம் தான் வடிகால்ல சேரணும். எங்க வீட்டுல அந்தக் குழாயைப் பிடிச்சிருந்த கிளிப் கழண்டு, குழாய் தரையில கிடந்துது. அதனால சிங்க்ல ஊத்தற கழிவெல்லாம் திரும்பி மெஷினுக்குள்ள வந்திருக்கு. போதாததுக்கு நிபுணர் மெஷினைத் தள்ளினப்ப குழாய் மடங்கியும் போயிருக்கு, வாடை கூடினது அதனால தான். குழாய் சிங்க்ல சேர்ற முனையைக் கழட்டினா, சாம்பல் நிறத்துல கொழுப்பு இறுகி, சுண்டு விரல் நுழையல. குச்சியால குடைஞ்சு எடுத்து, சுடுதண்ணி விட்டுக் கழுவி, குழாயை சிங்க் மேடையோட அடிப்பக்கம் வரைக்கும் தூக்கிக் கட்டினார். நாத்தம் போயே போச்சு. இதுக்கா 6,400?

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. அவசரமா சிலது மட்டும்.

தண்ணி வடியுது, பாத்திரம் சுத்தமா வருது, நாத்தம் மட்டும் இருக்குன்னா பம்ப் மேல சந்தேகமே வேண்டாம். ஃபில்டரை நீங்களே திருகி எடுத்து, பழைய பல்துலக்கி போட்டுத் தேய்ங்க. கதவோட கீழ் விளிம்புல தண்ணி பீச்சறதே இல்ல, அழுக்கு அங்க தான் சேரும், அதைத் துடைங்க. உள்ளே சுத்திச் சுத்தித் தண்ணி பீச்சற கையில இருக்கிற ஓட்டைகள் அடைச்சிருக்கான்னும் பாருங்க.

எக்கோ மோட் 45-லேர்ந்து 55 டிகிரி தான் போகும், கொழுப்பு முழுசாக் கரையாது. அப்பப்ப காலி மெஷினை 65, 70 டிகிரில ஓட்டுங்க. வினிகரும் சமையல் சோடாவும் ஒரே நேரத்துல போடாதீங்க, நுரைக்கும், ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும், அவ்வளவு தான். வினிகரை அடிக்கடி ஊத்தினா ரப்பரும் கெடும். முடிஞ்சதும் கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க.

கருகல் வாடை, பிளாஸ்டிக் எரியற வாடைன்னா கதை வேற. உடனே நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிட்டு ஆளைக் கூப்பிடுங்க.

யார் வந்தாலும் பொருள் மாத்தறப்ப பக்கத்துலயே நில்லுங்க. பழசு கைக்கு வந்தா தான் காசு. பில்லுல பொருள் பேர் இல்லேன்னா கட்டாதீங்க. ஸ்டாரை ஒரு வாரம் கழிச்சுப் போடுங்க.

நான் போட்ட அஞ்சு ஸ்டாரை மாத்தலாம்னு பார்த்தேன், ‘மாற்றுவதற்கான காலம் முடிந்தது’ன்னு வருது. 6,400-ஐத் திருப்பிக் கேட்டு மறுபடி எழுதியிருக்கேன். ஏதாவது வந்தா இங்கேயே சொல்றேன்.