அரிசி மண்டியில் ஏழு வருஷம்

புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில், முன்பு அரிசி மண்டியாக இருந்த கட்டடத்தை வீடாக்கி ஏழு வருஷமாகக் குடியிருக்கிறோம். இப்படி ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில் மூலைவாட்டமாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் பிடித்திருக்கிறார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு. மே மாத மத்தியானத்திலும் எங்களுக்கு மின்விசிறியே போதும்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது சுவர்தான். கீழே மூன்றடிக்குப் பழைய பூச்சு உதிர்ந்திருந்தது. நாங்கள் வைத்த கான்ட்ராக்டர் அதைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார். முதல் மழைக்காலம் தாண்டியதும், சிமெண்ட் முடிந்த இடத்துக்கு மேலே ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து கொட்டியது.

அப்போதுதான் வைசியாள் வீதிக்குப் போய் ஒவ்வொரு சுவராகப் பார்த்தேன். அந்தத் தெருவைப் பழைய முகப்போடு மீட்டெடுத்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. அங்கே கேட்டு விசாரித்ததில்தான் விஷயம் புரிந்தது. பழைய சுவர்களின் அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்துவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுவதால் இன்னும் உயரே ஏறுகிறது.

மறு வருஷம் சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடவே நான்கு மாதம் ஆனது. செலவும் இரண்டு மடங்கு. ஆனால் அதற்குப் பிறகு ஐந்து மழைக்காலம் பார்த்துவிட்டோம். ஒரு மூலையில் மட்டும் லேசாகப் பொடி உதிர்கிறது, அவ்வளவுதான். தயவுசெய்து பழைய சுவரில் சிமெண்டைத் தொட விடாதீர்கள்.

அப்புறம் உத்திரம். சுவருக்குள் நுழையும் முனையைத்தான் பார்க்க வேண்டும், நடுவில் பளபளப்பாகவே இருக்கும். வாங்கும் முன் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு முனைகள் மக்கிப்போயிருந்தன, மாற்ற வேண்டியதாயிற்று.

ஒன்றரை அடிச் சுவர் என்பதால் வைஃபை அடுத்த அறைக்குப் போகாது, அறைக்கொன்று வைத்துவிட்டோம்.

மூட்டை இறக்கிய அகல வாசலை அடைக்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. அம்மா சாயங்காலம் உட்கார்வது அங்கேதான். தராசு தொங்கிய கொக்கி இப்போது ஊஞ்சலைத் தாங்குகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றி வைத்திருக்கிறோம்.