680 லிட்டர் தொட்டிக்கு 250 லிட்டர் ஸ்கிம்மர்: கடல்நீர் மீன்தொட்டி வைக்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் பெரிய கடல்நீர் மீன்தொட்டி வைக்க முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு கடைக்காரர் எனக்குப் போலி அளவு ஒட்டிய ஸ்கிம்மரை, அதாவது நுரை எழுப்பிக் கழிவை நீக்கும் வடிகட்டியை, விற்றார். அதனால் உயிர்கள் செத்தன. பணம் இன்னும் திரும்பவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கொளத்தூரில் வண்ணமீன் வியாபாரம் செய்யும் பலர் நேர்மையானவர்கள் என்பதையும், இவர் அந்தப் பகுதிக்காரர் அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 680 லிட்டர். கடைக்குப் போகும்போதே எனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். தொட்டிக்கு அடியில் ஒரு சம்ப் (வடிகட்டும் கருவிகளை வைக்கும் கீழ்த்தொட்டி), அதற்குள் புரோட்டீன் ஸ்கிம்மர், நுண்ணுயிர்கள் குடியேறத் துளைகள் நிறைந்த செயற்கைப் பாறைகள். கடைக்காரர் முதலில் இரண்டு கேனிஸ்டர் ஃபில்டர்களை (மூடிய குடுவை போன்ற வடிகட்டிகளை) என் தலையில் கட்டப் பார்த்தார். நன்னீர்த் தொட்டிக்குக் கேனிஸ்டர் நல்ல பொருள்தான். ஆனால் அது மீன்களின் கழிவைப் பிடித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அடிக்கடி கழற்றிக் கழுவாவிட்டால் கழிவு உள்ளே அழுகி, நைட்ரேட்டாகத் தொட்டிக்கே திரும்பி வரும். ஸ்கிம்மரின் வேலை வேறு. உப்புநீரில் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கிளப்பினால் கரைந்திருக்கும் புரதக் கழிவுகள் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி, மேலே உள்ள கிண்ணத்தில் வழிந்துவிடும். அழுகுவதற்கு முன்பே அழுக்கு வெளியேறிவிடுகிறது. கடல்நீர்த் தொட்டிக்கு இது உயிர்நாடி.

நான் பிடிவாதமாக நின்றதும் அவர் ஒரு ஸ்கிம்மரை எடுத்து வைத்தார். “இறக்குமதி சார், ஆயிரம் லிட்டர் வரை தாராளமாக இழுக்கும்” என்றார். உடம்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் 1000 லிட்டர் என்றே இருந்தது. பெட்டி இல்லை. கேட்டதற்கு, வரும் வழியில் நசுங்கிவிட்டது என்றார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் ‘மரைன் செட்’ என்று எழுதி மொத்தத் தொகையைப் போட்டுக் கொடுத்தார். ஜி.எஸ்.டி. பில் மாலையில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். அது இன்றுவரை வரவில்லை.

தொட்டியைப் பொருத்திய அன்றே அவருடைய ஆட்கள் மீன்களையும் கொண்டுவந்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்க நான் தயாராகவே இருந்தேன். அவரோ தொலைபேசியில், பாக்டீரியா புட்டி ஊற்றியாகிவிட்டது, இந்த ஸ்கிம்மர் இருக்கும்போது கவலையே வேண்டாம், திருப்பி எடுத்துப்போனால் வழியிலேயே செத்துவிடும், பொறுப்பு உங்களுடையது என்று மிரட்டினார். நான்கு க்ளௌன் மீன்களும் ஒரு மஞ்சள் டாங் மீனும் தொட்டிக்குள் போயின.

கடல்நீரில் அம்மோனியா ஏன் இவ்வளவு கொடியது என்பதை மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கடல்நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8.1 முதல் 8.3 வரை இருக்கும். பி.எச். ஏற ஏற, அம்மோனியாவில் நஞ்சான வடிவத்தின் பங்கும் ஏறும். பி.எச். 7 உள்ள நன்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு இங்கே செவுளை எரித்துவிடும். க்ளௌன் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் மூடி நிற்காமல் அடித்துக்கொண்டது. தண்ணீரை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. டாங் முதலில் போனது. என் மகள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

இத்தனைக்கும் ஸ்கிம்மர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒழுங்காக வேலை செய்யும் ஸ்கிம்மரின் கிண்ணத்தில் கடும் நாற்றத்தோடு கெட்டிப் பழுப்பு நீர் சேரும். எங்களுடையதில் வெறும் தெளிந்த நீர்தான் தெறித்துக்கொண்டிருந்தது. குமிழிகள் பெரிது பெரிதாக வந்தன. பம்பைக் கழற்றித் திறந்து பார்த்தேன். ஸ்கிம்மர் பம்பின் சுழலியில் ஊசி ஊசியாகப் பற்கள் இருக்க வேண்டும். காற்றை நுண்குமிழியாக நறுக்குவது அந்தப் பற்கள்தான். இதில் இருந்தது சாதாரண நீர் பம்பின் தட்டை இதழ்கள். ஏதோ ஒரு பம்பை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

திரும்பப் பொருத்தும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. உப்பு பூத்து அந்த 1000 லிட்டர் ஸ்டிக்கரின் ஓரம் மேலே எழும்பியிருந்தது. நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதே எழுத்து, அதே நிறம், 250 லிட்டர் வரை என்று இருந்தது. உண்மையை மறைக்கவே அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

அதற்குப் பிறகு அவர் போட்டுக்கொடுத்த ஒவ்வொன்றையும் சோதித்தேன். சம்பிலிருந்து தொட்டிக்கு நீரேற்றும் ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 5000 லிட்டர் தள்ளும் என்றார். குழாயின் முனையில் 20 லிட்டர் வாளியைப் பிடித்தேன். நிரம்ப 48 விநாடி ஆனது, அதாவது மணிக்கு 1500 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரமே ஏற்றாமல் தள்ளும்போது கிடைப்பது. நாலரை அடி ஏற வேண்டும், இடையில் மூன்று எல்போ (குழாய் வளைவு), அதிலும் அரை அங்குலக் குழாய் என்றால் அது பாதிக்கும் கீழே விழும். விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தொட்டியின் நீர் மணிக்கு மூன்று முதல் ஐந்து முறையாவது சம்ப் வழியாகச் சுற்றி வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எங்களுக்கு இரண்டு முறைக்குச் சற்று மேலேதான் கிடைத்தது.

இதைவிடப் பயங்கரமான ஒன்று மின்தடையின்போது தெரிந்தது. பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாய் வழியாகத் தொட்டி நீர் தலைகீழாக இறங்கத் தொடங்கியது. குழாயின் முனையை ஆழமாக மூழ்கவிட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே போட வேண்டிய சிறு துளையைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். அந்தத் துளை இருந்தால் நீர்மட்டம் கொஞ்சம் இறங்கியதுமே காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். சம்ப் நிரம்பி உப்புநீர் தரையெங்கும் ஓடியது. பிளக் பெட்டியையோ சம்புக்குப் பக்கத்திலேயே தரையில் வைத்திருந்தார்கள். மின்சாரம் திரும்பி வருவதற்குள் மெயினை அணைத்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

கடையில் போய்க் கேட்டபோது, தண்ணீர் பட்ட பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். ஸ்டிக்கரைக் காட்டியதும் குரல் தாழ்ந்தது. சமாதானமாக அவர் கொடுக்க முன்வந்தது என்ன தெரியுமா? ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வரும் பவளக்கல், அதைப் போட்டால் தண்ணீர் தானே சுத்தமாகிவிடுமாம். தயவுசெய்து யாரும் இதற்கு இசையாதீர்கள். கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல்குதிரைகளும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவைதான். எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் நம் மீனவர்களின் பிழைப்புக்கும் ஆதாரம். அதை உடைத்து வந்து என் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் வாங்கும்போது ஸ்கிம்மரைப் பெட்டியோடு மட்டும் வாங்குங்கள். கடையிலேயே பம்பைத் திறந்து சுழலியைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் மீன் அதிகமுள்ள தொட்டிக்கு, குறைவாக உள்ள தொட்டிக்கு என்று இரண்டு அளவுகள் இருந்தால் மீன் அதிகமுள்ளதற்கான எண்ணையே உங்கள் அளவாகக் கொள்ளுங்கள். பில்லில் பொருளின் பெயரும் மாடல் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தமாக ‘செட்’ என்று எழுதினால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பொருத்தி முடித்ததும், ஆட்கள் கிளம்புவதற்கு முன், பம்பின் சுவிட்சை அணைத்துச் சம்ப் வழிகிறதா என்று அவர்கள் கண்முன்னே பாருங்கள்.

பில் தர மறுப்பதும் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைகள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிந்த பிறகு கடைக்காரர் தொலைபேசியில் அழைத்துப் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். எழுத்தில் தரச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டார். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல், வழக்கறிஞர் இல்லாமலே மனுக் கொடுக்கலாம். துண்டுச்சீட்டு, பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவு, இரண்டு ஸ்டிக்கர்களின் படங்கள் ஆகியவற்றோடு என் மனு தயாராகிவிட்டது. இதே கடையில் இதே போன்ற ஸ்கிம்மர் வாங்கியவர்கள் இன்னும் இருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். உங்கள் ஸ்கிம்மரின் ஸ்டிக்கர் ஓரத்தை ஒருமுறை நெம்பிப் பாருங்கள். அடியில் வேறு எண் இருந்தால் படம் எடுத்து எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனுக் கொடுப்போம்.