குளோரின் சோதனைப் பெட்டி: வடசென்னைக் குழாயடிக்குத் தேறுமா?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னப் பெட்டி. உள்ளே ஒரு சோதனைக் குப்பி, ஆர்த்தோடாலிடின் சொட்டு மருந்து, நிற அட்டை. தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும், அவ்வளவுதான் வேலை.

வாங்கும்போது முதலில் அட்டையைப் பாருங்கள். பல பெட்டிகள் நீச்சல்குளத்துக்காகச் செய்தவை. நிற அளவே 0.5, 1 என்று தொடங்கும். குடிநீருக்கு வேண்டியது குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின். அதைக் காட்டாத அட்டை தண்டச் செலவு.

சொட்டு விட்டுக் கலக்கியதும் 10 விநாடிக்குள் நிறத்தைப் படித்துவிட வேண்டும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், அம்மோனியா போன்றவற்றோடு சேர்ந்து, கிருமியைக் கொல்வதில் மந்தமாகிவிட்ட கூட்டுக் குளோரினும் சேர்ந்து மஞ்சளைக் கூட்டிக் காட்டும். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று ஏமாறுவது இங்கேதான். விடியுமுன் தண்ணீர் வரும் தெருக்களில், மஞ்சள் தெருவிளக்கில் வெளிர்மஞ்சள் தெரியவே தெரியாது. பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து, வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். இரும்பு, மாங்கனீசு கலந்த போர் தண்ணீரும் பொய்யாக மஞ்சள் காட்டும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் ஒரே சம்பில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் விடும் வீடுகளில், சம்புக்குள் விழுமுன்னே பிடித்துச் சோதிக்க வேண்டும். இரும்பு அதிகமென்றால் டிபிடி என்ற வேறு மருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் வகை மேல், விலைதான் கூடுதல்.

எங்கே, எப்போது சோதிப்பது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் தாள் சொல்லாது. வரலாறு சொல்கிறது. 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் கொடுத்தது. காலராவில் சுமார் 8,600 பேர் மாண்டார்கள். ஒட்டியிருந்த அல்டோனா நகரம், அதே ஆற்றில் இன்னும் கீழே எடுத்த நீரை மணலில் வடிகட்டியதால் பெரும்பாலும் தப்பித்தது. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் நோய், மறுபக்கம் இல்லை. மதராஸும் 1872 முதல் செங்குன்றம் ஏரி நீரைத் திறந்த கால்வாயில் கொண்டுவந்தது. மூடிய கால்வாயும் கீழ்ப்பாக்கம் மணல் வடிகட்டிகளும் 1914-இல்தான் வந்தன. இன்று சுத்திகரிப்பு உண்டு. ஆனால் சில மணி நேரமே தண்ணீர் விடும் ஊரில், அழுத்தம் இல்லாத நேரத்தில் இணைப்பு வழியே சாக்கடை கசியும். ஆகவே நீரேற்று நிலையத்தின் அளவை நம்பிப் பயனில்லை. தெருக் கடைசி அடிபம்பில், முதலில் வரும் தண்ணீரையும் ஐந்து நிமிடம் கழித்து வருவதையும் தனித்தனியே பாருங்கள். பக்கத்துத் தெருவில் 0.5, உங்கள் தெருவில் சுழியம் என்றால், கசிவை நடுவில்தான் தேட வேண்டும்.

லண்டனில் 1854 செப்டம்பர் 8 அன்று, காலரா தண்ணீரால் பரவுகிறது என்ற மருத்துவர் ஜான் ஸ்நோ சொன்னதைக் கேட்டு பிராட் தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்றியபோது நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. அவர் கையில் இருந்தது இறந்தவர் பட்டியல். குளோரின் சுழியமாவது வாந்திபேதிக்கு முன்பே தெரியும். தேதி, நேரம், பம்பு இருக்குமிடம், அளவு நான்கையும் நோட்டில் எழுதினால்தான் பெட்டிக்குக் கொடுத்த காசு செரிக்கும். 1992-இல் சென்னையில் முதலில் தெரிந்த ஓ139 என்ற புதுவகைக் காலராவிடம் பழைய வகையால் வந்த எதிர்ப்பாற்றல் பலிக்கவில்லை, பெரியவர்களும் விழுந்தார்கள். குளோரினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிளீச்சிங் பவுடரின் தரத்தையும் இது காட்டிக்கொடுக்கும். ஆயிரம் லிட்டர் சம்புக்கு நல்ல பவுடர் சுமார் 2.5 கிராம், வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுச் சோதியுங்கள். 0.5 எஞ்ச வேண்டும். எஞ்சவில்லையென்றால் ஈரத்தில் கிடந்து வீரியம் போன பவுடராக இருக்கலாம், அல்லது தண்ணீரில் அழுக்கு மிகுதி.

கேன் தண்ணீரும் காய்ச்சிய நீரும் சுழியம் காட்டினால் பயப்பட வேண்டாம். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. சோதித்த நீரைக் குடத்தில் திரும்ப ஊற்றாதீர்கள். மருந்து நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது.

தெருவுக்கு ஒரு பெட்டி போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் புதிதாக வாங்குங்கள்; கரைசலே நிறம் மாறியிருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.