ஊர்க் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கும் கிட்: எங்கள் பஞ்சாயத்தில் பயன்படுத்திப் பார்த்ததில்

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டமான ஜல் ஜீவன் மிஷனில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுக்கிறார்கள். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் அந்த ஐவரில் நானும் ஒருத்தி. மகளிர் குழுவில் இருப்பதால் கிட்டை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க் குழுக்காரர்கள் இதை நம்பலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நம்பலாம். ஆனால் உள்ளே இருக்கும் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி உதவாது.

ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிற பிளாஸ்டிக் பெட்டி. சொட்டு மருந்துப் பாட்டில்கள், கோடு போட்ட சோதனைக் குழாய்கள், நிற அட்டை, தமிழில் ஒரு சின்னப் புத்தகம். கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, எஞ்சிய குளோரின் என்று பத்துப் பன்னிரண்டு விஷயம் பார்க்கலாம். கிருமி பார்க்கத் தனியாகச் சின்னப் பாட்டில்கள், தண்ணீர் கருப்பானால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் மாவட்டத்துக்கு முதலில் வேண்டியது ஃபுளோரைடு சோதனை. பாறைக்குள் இருந்து போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் கரைந்து வருவது அது. குழந்தைகள் பல்லில் பழுப்புக் கறை, வயதானவர்களுக்கு முதுகும் முட்டியும் மடங்காமல் போவது, எல்லாம் இங்கே பார்த்துப் பழகிய காட்சி. அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்து 2013-ல் திறந்தார்கள். எங்கள் தொட்டியில் அந்தத் தண்ணீரும் ஏறும், போர் தண்ணீரும் ஏறும். அதனால் குழாயில் இன்றைக்கு வருவது எது என்று பார்த்தாக வேண்டும். மருந்தைச் சொட்டுவிட்டுக் குலுக்கினால் ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கும். அதிகமாக ஆக மஞ்சள் பக்கம் நகரும். பழைய போரில் பிடித்த தண்ணீர் என் கண் முன்னாலேயே எலுமிச்சம்பழ மஞ்சளுக்குப் போனது. பக்கத்தில் நின்ற அத்தை, "இதையா இத்தனை வருஷம் குடிச்சோம்?" என்று கேட்டார். எனக்கு வாயில் பதில் வரவில்லை.

குறை என்னவென்றால் அட்டையில் 1-க்கும் 1.5-க்கும் நடுவே நிறத்தைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. முடிவு செய்ய வேண்டிய இடமே அந்த இடைவெளிதான், அங்கேதான் கிட் தடுமாறுகிறது. அப்படி வந்தால் நான் மாவட்ட ஆய்வகத்துக்கு ஒரு லிட்டர் அனுப்பிவிடுவேன். இன்னொன்று, தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்தின் நிறம் வெளுத்துப் போய், ஃபுளோரைடு அதிகம் போலக் காட்டும். ஆகவே பிளீச்சிங் பவுடர் கலக்கும் முன்பு, நேராகப் போரில் பிடித்துப் பாருங்கள். இதைப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

அப்புறம், எஞ்சிய குளோரின், அதாவது பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் கிருமியைக் கொன்றது போக மிச்சம் நிற்கும் குளோரின். பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு நிமிட வேலை, மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது. தொட்டி அடியில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது, தெருக்கோடிக் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். அங்கே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் தொட்டி அடியில் நல்ல மஞ்சள், கடைசித் தெருவில் நிறமே இல்லை. டேங்க் ஆபரேட்டர் அண்ணன், "பவுடர் போட்டுத்தான்மா தண்ணி விட்டேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. வழியில் அழுக்கு கலந்தால் குளோரின் அதோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். நடந்து பார்த்தோம். பிரஷர் பத்தாமல் ஒரு வீட்டில் குழாயைக் குழி தோண்டி இறக்கி வைத்திருந்தார்கள். குழி நிறையச் சாக்கடைத் தண்ணீர், குழாய் வாய் அதில் முங்கிக் கிடந்தது. தண்ணீர் விடாத நேரத்தில் லைன் காலியாகி அதையே உள்ளே இழுக்கிறது. கிருமிப் பாட்டிலில் அந்தத் தெருத் தண்ணீரைப் பிடித்து வைத்தோம், மறுநாள் கருப்பாகிவிட்டது. கருத்த பாட்டிலை வீடு வீடாகக் காட்டிய பிறகுதான் குழியை மூட ஒத்துக்கொண்டார்கள். இதற்கு முன் எத்தனை சொல்லியும் கேட்டதில்லை. குழாயை மேலே ஏற்றியபின் கடைசி வீடு வரை மஞ்சள் வருகிறது.

கடினத்தன்மை, குளோரைடு எல்லாம் பார்க்கலாம், தப்பில்லை. உப்புத் தண்ணீர் என்று நாக்கே சொல்லிவிடும். நைட்ரேட்டை மட்டும் விடாதீர்கள். உரம் போட்ட வயலுக்கும் கக்கூஸ் குழிக்கும் பக்கத்தில் இருக்கும் போரில் அது ஏறும், ருசியில் தெரியாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் வீட்டுக்கு அது முக்கியம், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது.

தயாரித்தவர்களிடம் எனக்கு நிஜமான வருத்தம் ஒன்று உண்டு. பெட்டியோடு வரும் மருந்து தீர்ந்தபின் ரீஃபில் கிடைப்பது பெரும்பாடு. ஃபுளோரைடும் குளோரினும்தான் சீக்கிரம் தீரும், ஆனால் தனிப் பாட்டில் தரமாட்டேன் என்கிறார்கள், முழு செட்டாகத்தான் வாங்கச் சொல்கிறார்கள். காலாவதித் தேதியும் பொடி எழுத்தில், பாட்டில் அடியில். வெயில் பட்டால் மருந்து கெடும், ஆகவே பீரோவுக்குள் வையுங்கள்.

கேன் தண்ணீர் வாங்குகிறோம், எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அந்தக் கேனையும் சோதித்துப் பாருங்கள். காய்ச்சிக் குடிக்கிறோம் என்பவர்களுக்கு: காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

பஞ்சாயத்தில் கிட் சும்மா பூட்டிக் கிடந்தால் கேட்டு வாங்குங்கள். முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். சோதனை செய்யும்போது கையுறை போடுங்கள், மருந்தில் அமிலம் இருக்கிறது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கருப்பான கிருமிப் பாட்டிலை அப்படியே குப்பையில் போடாமல், பிளீச்சிங் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கிணறு, போர் பக்கம் இல்லாத இடமாகப் பார்த்துக் கொட்டுங்கள்.