தோற்றவருக்கு மட்டும் வரும் தாள்: என்கிளெக்ஸ் செயல்திறன் அறிக்கை பற்றி ஒரு மதிப்புரை

அமெரிக்காவிலும் கனடாவிலும் பதிவுபெற்ற செவிலியராகப் பணியாற்ற உரிமம் வேண்டுவோர் எழுதும் என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வில் தேர்ச்சி பெறாதவர்களுக்கு மட்டும் ஓர் அறிக்கை வழங்கப்படுகிறது. கேண்டிடேட் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் என்பது அதன் முழுப்பெயர், சுருக்கமாக சிபிஆர். இதயத்துடிப்பு நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் முறைக்கும் இதே சுருக்கப்பெயர் இருப்பது செவிலியர் எவர் கண்ணிலும் படாமல் போகாது. மறுதேர்வுக்குப் படிப்பவர்களை நம்பி விற்கப்படும் வினா வங்கிகளுக்கும் காணொளி வகுப்புகளுக்கும் மதிப்புரைகள் குவிந்து கிடக்கின்றன. இந்தத் தாளுக்கு ஒன்றையும் நான் படித்ததில்லை. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. இரண்டாம் முறை எழுதியபோது இன்னொன்று வரவில்லை என்பதால், இதைப் பயன்படுத்திப் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

வந்த உடனே நான் அதைத் திறக்கவில்லை. பதினொரு நாள் அப்படியே கிடந்தது. தோல்வி தெரிந்த பிறகு அதன் விவரம் எதற்கு என்ற எண்ணம்தான் காரணம். அந்தப் பதினொரு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. நாள்தோறும் நாலைந்து மணி நேரம் படித்தேன். ஆனால் படித்ததெல்லாம் எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த மகப்பேறு மருத்துவப் பகுதியைத்தான். விடை சரியாக வரும்போது கிடைத்த நிம்மதிக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன் என்பது அறிக்கையைத் திறந்த அன்றுதான் எனக்கே புரிந்தது.

அறிக்கை முதலில் சொல்வது, தேர்வர் எத்தனை வினாக்களுக்கு விடையளித்தார் என்பதை. பார்த்தால் அற்பமான தகவல். மறுதேர்வுக்குப் படிப்பவருக்கோ இதைவிடப் பயனுள்ள எண் வேறில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய அமைப்பின்படி இத்தேர்வில் குறைந்தது 85 வினாக்களும் அதிகபட்சம் 150 வினாக்களும் வரலாம். நேரம் ஐந்து மணி. ஒவ்வொரு விடைக்கும் பிறகு கணினி தேர்வரின் திறனை மீண்டும் கணக்கிட்டு, அவர் சரியாக விடையளிக்க ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள வினாவை அடுத்துத் தருகிறது. தேர்வர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்பது 95 சதவீத உறுதியுடன் தெரிந்ததும் தேர்வு நின்றுவிடும். ஆகவே 150 வரை போய்த் தோற்றவர், கடைசி வரை கோட்டை ஒட்டியே நடந்தவர்; 85-இல் நிறுத்தப்பட்டுத் தோற்றவர், கோட்டிலிருந்து தெளிவாகக் கீழே இருந்தவர். முன்னவர் இருப்பதைச் சீர்செய்தால் போதும். பின்னவர் பாடத்தையே அடியிலிருந்து படிக்க வேண்டும். எனக்கு 150 வந்திருந்தது. "உன்னால் முடியும்" என்று பலர் சொன்னது என்னை நகர்த்தவில்லை. அந்த எண் நகர்த்தியது.

வினாக்கள் எல்லாமே கடினமாக இருந்தன, ஆகவே எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தேர்வறையிலிருந்து வெளியே வந்தபோது நினைத்திருந்தேன். பாதிக்குப் பாதி என்ற அந்தக் கணக்கு தெரிந்திருந்தால், தேர்ச்சி பெறுபவருக்கும் தேர்வு அப்படித்தான் தோன்றும் என்பது விளங்கியிருக்கும்.

அடுத்து வருவது எட்டுப் பாடப்பகுதிகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேர்ச்சி நிலைக்கு மேல், அருகில், கீழ் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். என் தாளில் மருந்தியல் மற்றும் ஊசிவழிச் சிகிச்சைக்கு "கீழ்". யாரை முதலில் கவனிப்பது என்பது போன்ற முடிவுகள் அடங்கிய பராமரிப்பு மேலாண்மைக்கு "அருகில்". நான் பதினொரு நாள் செலவிட்ட மகப்பேறு அடங்கிய உடல்நல மேம்பாட்டுப் பகுதிக்கு "மேல்". தேர்வை நடத்தும் என்சிஎஸ்பிஎன் அமைப்பு இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருந்த பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மருந்தியல் 13 முதல் 19 சதவீதம். பராமரிப்பு மேலாண்மை 15 முதல் 21 சதவீதம். உடல்நல மேம்பாடு 6 முதல் 12 சதவீதம். அதிகம் கேட்கப்படும் இடத்தில் குறைவாகவும், குறைவாகக் கேட்கப்படும் இடத்தில் நிறையவும் நான் உழைத்திருந்தேன். இந்த இரண்டு ஆவணங்களையும் சேர்த்துப் படிக்காதவர், அறிக்கையின் பாதிப் பயனைக்கூட அடைய மாட்டார்.

குறைகளுக்கு வருகிறேன். மதிப்பெண் கிடையாது. "கீழ்" என்பது மயிரிழையில் கீழா, பாதாளத்திலா என்று தெரியாது. எந்த வினா வந்தது, எதில் தவறினோம் என்பதற்கும் இடமில்லை. வினாக்களின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்பதால் அதை எதிர்பார்க்கவும் முடியாது. இவற்றைவிடப் பெரிய சிக்கல், பகுதிகளின் அகலம். மருந்தியல் என்ற ஒரே தலைப்புக்குள் மருந்தளவுக் கணக்கு, இரத்தம் ஏற்றுதல், மையச் சிரைவழிக் குழாய்ப் பராமரிப்பு, வலி நிவாரணம், பக்கவிளைவுகள் எல்லாம் அடங்கும். இவற்றில் எது என்னைக் கவிழ்த்தது என்பதை நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். பயிற்சி வினாவில் தவறும்போதெல்லாம், சரியான விடையை எழுதுவதற்கு முன் தவறியதற்கான காரணத்தை எழுதினேன்: தெரியாது, தெரியும் ஆனால் வினாவைச் சரியாகப் படிக்கவில்லை, சரியாகப் போட்டுவிட்டு மாற்றினேன். இரண்டு வாரத்தில் ஒரு படம் தெளிந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளில் ஹெப்பாரினுக்கு முறிமருந்து புரோட்டமின் சல்பேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே என்பது எனக்குத் தெரியும். இதய மருந்தான டிஜாக்சின் கொடுக்குமுன் ஒரு நிமிடம் இதயத்துடிப்பை எண்ணி, பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் இந்த மருந்துகளை எடுத்துக்கொள்ளும் நான்கு நோயாளிகளை ஒன்றாகக் காட்டி, முதலில் யாரைப் பார்ப்பாய் என்று கேட்டால் தடுமாறினேன். மருந்தியலில் "கீழ்" என்றும் மேலாண்மையில் "அருகில்" என்றும் தனித்தனியாகத் தெரிந்தது, என் வரையில் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். அறிக்கை இதைச் சொல்லவில்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று அது காட்டியிருக்காவிட்டால் நான் தேடியிருக்கவே மாட்டேன்.

மறுதேர்வுக்கு இடையில் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. சில உரிம வாரியங்கள் இன்னும் கடுமையான விதிகளை வைத்திருக்கின்றன. இந்தக் காத்திருப்பைத் தண்டனையாக எண்ணுவோர் உண்டு. கையில் அறிக்கை இருக்கும்போது அந்த நாட்கள் போதாது என்றே எனக்குத் தோன்றியது. இரவுப் பணி முடிந்து வந்த நாட்களில் பத்து வினாக்கள் மட்டும் போட்டேன். ஆனால் அந்தப் பத்தும் "கீழ்" என்று குறிக்கப்பட்ட பகுதியிலிருந்தே. எத்தனை மணி நேரம் படித்தேன் என்று எண்ணுவதை நிறுத்தியபின் சோர்வு பாதியாகக் குறைந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். இந்தத் தாள் ஒரே ஒரு நாளின் நிலையைக் காட்டுவது. நாம் தேறினாலும் அது தேறாது. நான்காவது வாரத்தில், பயிற்சி வினாக்களில் தெளிவான முன்னேற்றம் தெரிந்த பிறகும், மேசையில் ஒட்டியிருந்த அந்தக் "கீழ்" என்ற சொல் ஒவ்வொரு காலையும் என்னைக் கீழே இழுத்தது. அன்று அதைக் கழற்றி, சான்றிதழ்க் கோப்பின் அடியில் வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் படித்தேன். தோல்வி புதிதாக இருக்கும் முதல் மூன்று வாரங்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டியை நான் அறியேன். அதற்கு மேல் அதைக் கண்முன் வைத்திருக்கப் பரிந்துரைக்க மாட்டேன்.