கேஸ் கீசரா, கரண்ட் கீசரா?

மார்கழி விடியலில் சென்னைக் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆனாலும் மொட்டைமாடி டேங்க் தண்ணீரை வயதானவர்கள் அப்படியே தலைக்கு ஊற்றிக்கொள்ள முடியாது. திருவான்மியூரில் எங்கள் வீட்டில் இரண்டு வகை கீசரும் இருந்திருக்கின்றன.

கேஸ் கீசரில் காத்திருப்பு இல்லை. குழாயைத் திறந்த சில நொடியில் வெந்நீர், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும். நம் ஊர் கேஸ் கீசர்களில் பெரும்பாலும் இரண்டு டார்ச் பேட்டரிதான் பொறி தட்டும். எங்களுக்குத் தொல்லை கொடுத்ததும் அதுதான். ஐப்பசி மழையும் கடற்காற்றும் சேர்ந்து பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும்; டிக் டிக் என்ற சத்தம் வரும், தீ பற்றாது. உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகிவிடும். டேங்குக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி வீடுகளில் தண்ணீர் அழுத்தம் போதாமலும் பற்றாமல் போகும்.

இதெல்லாம் சின்ன விஷயம். மூடிய பாத்ரூமுக்குள் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். இதற்கு வாசனையே இல்லை. தலை சுற்றும், அடுத்து நினைவு தப்பும், தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று தயவுசெய்து சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். வெளிக்காற்று படும் பால்கனியில் மாட்ட வழியிருந்தால் மட்டும் கேஸ்.

கரண்ட் கீசரில் 15 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய அரை யூனிட் ஆகும். அதன் எதிரி உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீர். போன வருஷம் காயிலைக் கழற்றியபோது, சுண்ணாம்பு பூசிய குச்சி போல இருந்தது. பிளம்பர் ஸ்க்ரூடிரைவரால் தட்டத் தட்ட ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. அந்த உப்புதான் தண்ணீர் சூடாகத் தாமதமானதற்கும் காயில் எரிந்து போனதற்கும் காரணம். கூடவே கீசருக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியம் ராடையும் மாற்றினோம். அது கரைந்து தீர்ந்தால் துரு அடுத்து கீசரின் டேங்கைத்தான் பிடிக்கும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் இஎல்சிபி இல்லாத வீட்டில் இதையும் மாட்டாதீர்கள்.

புயலில் கரண்ட் போனால் கேஸ்தானே கைகொடுக்கும் என்பார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாமில் பார்த்தோமே, மோட்டார் ஓடாமல் டேங்கே காலி.

அம்மா குளிக்கும் பாத்ரூமில் கரண்ட் கீசர்தான் வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்ததும் காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆள் வரச் சொல்லியாயிற்று.