பிரேக் வேலை சுத்தம், பொறுப்புத்தான் இல்லை

யாழ்ப்பாணத்தில் பலாலி வீதிப் பக்கம் உள்ள ஒரு கராஜில் என் வாகன் ஆர் காரைப் பிரேக் வேலைக்கு விட்டேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கார் திரும்பி வந்த கோலத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. முன் பம்பரின் இடப்பக்கம் கிளிப் உடைந்து தொங்குகிறது. கால்மிதி முழுக்கக் கடற்கரை மணல். விடும்போது எடுத்த மீற்றர் படத்தோடு பார்த்தால் 52 கிலோமீற்றர் கூடுதலாக ஓடியிருக்கிறது. பிரேக் பார்க்க ஒரு சுற்றுப் போவது சரி, கசூரினா கடற்கரை வரைக்குமா?

முதலாளியிடம் கேட்டால், “அண்ணை, பொடியன் கேக்காமல் கொண்டு போயிட்டான், அவனிட்டைக் கதையுங்கோ” என்கிறார். நான் சாவி கொடுத்தது முதலாளியை நம்பி. சம்பளத்துக்கு நிற்கிற பொடியனை என் முன்னால் நிறுத்துவது என்ன நியாயம்? ‘வாகனங்களுக்கு நாம் பொறுப்பல்ல’ என்று சுவரில் பலகை வேறு.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, சேவை பற்றிய முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். இதைச் சொன்ன பிறகுதான் பம்பர் மாற்றித் தந்தார், நிறம் பொருந்தவில்லை.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவர்களுக்குச் சொந்தக் காரின் சேதத்துக்கு ஒரு சதமும் வராது. எந்தக் கராஜில் விட்டாலும் நாலு பக்கமும் படம் எடுங்கள், மீற்றர் அளவை பில்லில் எழுதி வாங்குங்கள். என் கார் இனி அங்கே போகாது.